ஒரே ஒரு சாய்வுப் பலகை

தையல் அக்காவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள் என்று தெருவில் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷமாக இரண்டு காலிலுமே நிற்க முடியாதவளைப் பற்றி இப்படியா பேசுவது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது முகம் சுளித்தால், அக்காவே சமாதானம் சொல்வாள்: "நிக்க முடியாதப்பவே இந்தப் பாடு படுத்தறேன். நிக்க முடிஞ்சிருந்தா உங்க கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க!"

அதில் தப்பே கிடையாது. மாடிப்படியில் உருண்டு விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, "பாவம், தையலுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்" என்று நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். அக்கா கரண்டு மெஷினின் பெடலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். இடது முழங்கையால் அழுத்தித் தைக்கப் பழகினாள். அந்த வருஷமே பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தாள். உச்சுக் கொட்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவள் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவளுடைய பேட்டரி நாற்காலிக்கு வீட்டில் வைத்த பெயர் 'மாமனார்'. ஏன் என்று கேட்டால், ஆள் நல்ல கனம். அசைவது மெதுவாக. எங்கே கிளம்புவதென்றாலும் முதலில் அவர் சம்மதம் வேண்டும். வாசல் குறுகலென்றால் வரமாட்டார், படி இருந்தால் வரமாட்டார், மழை பெய்தால் வரவே மாட்டார். வேறு என்ன பெயர் வைப்பது?

தங்கை வீட்டில் இருப்பது 'மாமியார்'. தங்கைக்கு நுரையீரல் பலவீனம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற ஒரு மெஷினை ஒரு வருஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு உஸ்ஸு உஸ்ஸென்று பெருமூச்சு விடும், ஒரு நிமிஷம் விட்டு நகர முடியாது என்பதால் அந்தப் பெயர். "மாமியார் சாப்பிட்டாங்களா?" என்று அக்கா ஃபோனில் கேட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் போட்டாயா என்று அர்த்தம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்து மணி நேர ரயில் பயணம், வழியில் ஒரு ஜங்ஷனில் மாற வேண்டும். அவ்வளவுதான் தூரம். ஆனால் இருவரும் முகத்தோடு முகம் பார்த்து ஆறு வருஷமாகிவிட்டது. காரணம், உடம்பு பாதி, வாய் பாதி. "நீ வராதே, நான் வர்றேன்" என்று இவள் சொல்வாள். "நீ அசையாதே, நான்தான் வருவேன்" என்று அவள் சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா டிக்கெட் எடுத்துவிட்டு, சந்தோஷத்தில் உளறிவிட்டாள். தங்கை உடனே அக்காவின் மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு, "அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தே வந்தா அக்காவுக்குப் புண் வந்துடும். கூட்டிட்டு வந்தீங்கன்னா உங்க முகத்திலேயே முழிக்க மாட்டேன்" என்று அழுது டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தாள். அடுத்த வருஷம் தங்கை கிளம்புவதாகச் சொன்னாள். அக்கா சும்மா இருப்பாளா? தங்கையின் டாக்டரையே ஃபோனில் பிடித்து, "அவ மூச்சு முட்டி வழியில விழுந்தா நீங்க பதில் சொல்வீங்களா?" என்று மிரட்டி, பயணத்தைக் கெடுத்தாள். கணக்கு நேராகிவிட்டது. அதோடு இருவரும் ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்: இனிமேல் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

அக்காவுக்கு இந்தத் தடவை அவசரம் இருந்தது. தங்கை திட்டினால் அது ஒரு கச்சேரி. முன்பெல்லாம் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அக்கா ஒரு காஜா எடுத்து முடிப்பாள். காஜா என்றால் பட்டன் துளைக்கு ஓரம் கட்டுகிற தையல், கையால் எடுத்தால் நேரம் பிடிக்கும். துளை முழுக்கச் சுற்றி வரும்வரை தங்கை நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருப்பாள். பிறகு அது முக்கால் காஜாவாயிற்று. இப்போது அரைக் காஜாகூடத் தேறவில்லை. பாதித் திட்டில் சத்தம் நின்று, உஸ்ஸு உஸ்ஸென்று மாமியார் மட்டும் கேட்கும். அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடியே காத்திருப்பாள். இவளை ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு என்னவோ ஆகட்டும் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

மாப்பிள்ளை மருந்துக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற வேலையில் இருப்பவர். பட்டியல் இல்லாமல் பல்கூடத் தேய்க்க மாட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அக்கா அவரைத் தன் அளவு நாடாவோடு ரயில் நிலையத்துக்கு அனுப்பி, ரயில் கதவின் அகலத்தை அளந்துவரச் சொன்னாள். அவர் அளந்துகொண்டிருக்கும்போதே கார்டு வந்து பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் பண்றீங்க?"

"எங்க அத்தைக்கு அளவெடுக்கறேன்" என்றாராம் மாப்பிள்ளை. கார்டு ஒரு நிமிஷம் அவரையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி அக்காவும் மகளும் இரண்டு நாள் சிரித்தார்கள்.

மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளைதான் துணை. கிளம்புகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை ஃபோன் செய்தாள்.

"நாளைக்கு வீட்டிலதானே இருப்பே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேட்கவிருந்த கேள்வி அது. "நான் எங்கே போறேன்? மாமனார் விட்டால்தானே! நீ?"

"நானா? மாமியாரைக் கட்டிக்கிட்டு அழறேன். இந்த மூஞ்சிக்கு எங்கே போறது?"

"எங்கேயும் போயிடாதே."

"நீயும்தான்."

இருவரும் கொஞ்சங்கூட வாய் கூசாமல் சொன்னார்கள். தங்கை ஏன் அப்படிக் கேட்டாள் என்று அக்காவுக்கு ஒரு கணம் உறைத்தது. ஆனால் மாப்பிள்ளை பட்டியலோடு வந்து நின்றதில் மறந்துபோயிற்று.

காலை ரயில் ஒழுங்காகவே போயிற்று. அக்கா அரை மணிக்கு ஒரு தடவை கைப்பிடிகளில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்தாள், புண் வராமலிருக்க. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து, "அத்தை, நேரமாச்சு, எழுந்திரிங்க" என்பார். "எழுந்திரிக்கச் சொல்ற ஆளைப் பாரு!" என்று அக்கா எதிரில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ரயில் கழிவறை எப்படியிருக்குமோ என்று அவள் முந்தின நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் அங்கே மாமனார் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற அளவுக்கு இடம் இருந்தது. "அநியாயமாத் தாகத்தில கிடந்தேனே!" என்று மாப்பிள்ளையின் பாட்டிலையும் சேர்த்துக் குடித்துத் தீர்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பாலம் போயிற்று, ஒரு ஆறு போயிற்று, யாரோ மொட்டைமாடியில் படுக்கை விரிப்பு காயப்போட்டிருந்தார்கள். ஆறு வருஷமாகத் தெருமுனையைத் தாண்டாதவளுக்கு அந்தப் படுக்கை விரிப்பே காட்சியாக இருந்தது.

ஜங்ஷனில் இறங்கியபோது சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் சாய்வுப் பலகையோடு தயாராக நின்றாள். ரயில் வாசலுக்கும் தரைக்கும் நடுவே அந்தப் பலகையை விரித்து, மாமனாரை அலுங்காமல் இறக்கினாள். "அடுத்த ரயில் இதே பிளாட்ஃபாரம்தான்மா. முன்பக்கப் பெட்டி. நானே ஏத்திவிடறேன்" என்றாள். அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சட்டையின் காலர் தையல் கோணலாக இருந்ததை மட்டும் பார்க்காதது போல் விட்டுவிட்டாள்.

வம்பு, ரயில் வந்து நின்ற பிறகுதான் ஆரம்பித்தது. தங்கையின் ஊரிலிருந்து வந்து, கால் மணி நேரம் நின்று, அங்கேயே திரும்பிப் போகிற ரயில் அது. அன்றைக்கு அதுதான் கடைசி. அதை விட்டால் மறுநாள் காலை வரை ஒன்றும் கிடையாது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். விஷயமும் தங்கைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் அவள் விடமாட்டாள்.

சிவப்புத் தொப்பி கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கணும். பலகை ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு ரிப்பேருக்குப் போயிருக்கு. இதே ரயில்ல கடைசிப் பெட்டியில ஒரு பயணி இறங்கணும். இறங்கறவங்க முதல்ல, அதுதான் விதி. அஞ்சே நிமிஷம்."

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பலகை வரவில்லை. பிளாட்ஃபாரம் வளைந்து போனதால் கடைசிப் பெட்டி கண்ணுக்கும் தெரியவில்லை. சிவப்புத் தொப்பி வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். கரகரவென்று அந்தப் பக்கத்து ஆள் பேசினார்: "பயணி இன்னும் இறங்கலை. பையில எதையோ தேடறாங்க. அவசரப்படுத்தினா சத்தம் போடறாங்க."

"யார் அந்த மகாராணி?" அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பல்லக்கு வந்தாத்தான் இறங்குவாங்களாமா? இங்கே ஒருத்தி காத்துக்கிட்டிருக்கான்னு சொல்லும்மா."

"அத்தை, பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார் மாப்பிள்ளை.

"நமக்கு மட்டும் என்ன, கொண்டாட்டமா?"

செய்தி போயிற்று. பதில் வந்தது. "நான் ஆறு வருஷமாக் காத்திருந்து வந்திருக்கேன், அவங்களால ஆறு நிமிஷம் காத்திருக்க முடியாதாமான்னு கேக்கறாங்க."

"ஆறு வருஷமா? நானும் ஆறு வருஷம்தான்! யாருகிட்ட கதை விடறாங்க? சொல்லு, நல்லா சொல்லு!"

சிவப்புத் தொப்பி பாவம், சொன்னாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபக்கத்து ஆள் பதில் கொண்டுவந்தார்: "அந்தம்மாவுக்கு வாய் ரொம்ப நீளம்னு சொல்றாங்க."

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து, "இந்த மாதிரி ஒரு வாய் நம்ம குடும்பத்தில ஒருத்திக்குத்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஊருக்கு ஊர் இருக்கும் போலிருக்கே!" என்றாள். அந்தக் கோபத்திலும் அவளுக்கு மனசுக்குள் ஒரு மரியாதை வரத்தான் செய்தது.

பத்து நிமிஷம் போயிற்று. பதினொன்று. மாப்பிள்ளை பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பட்டியலில் இதற்கு வழி இல்லை. அக்காவின் கோபம் வடிந்து, அதற்கு அடியில் இருந்த பயம் மேலே வந்தது. போச்சு. இவ்வளவு தூரம் வந்து, ரயில் கண்ணெதிரில் நிற்க, ஒரு முழம் இடைவெளியைத் தாண்ட முடியாமல் திரும்பப்போகிறோம். அரைக் காஜா கால் காஜாவாகிவிடும், அதையும் ஃபோனில்தான் கேட்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பலகை ஓடிவந்தது. ஓடிவந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் அதைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு தலைதெறிக்க வந்தார். "ரெண்டு நிமிஷம் இருக்கு! ஏத்து, ஏத்து!" படாரென்று விரித்தார்கள். அக்கா விசையைத் தள்ளினாள். மாமனார் முக்கி முனகிக்கொண்டு ஏறத் தொடங்கினார். பாதி ஏறியாயிற்று.

உயரம் கிடைத்ததும் அக்கா சும்மா இருக்கவில்லை. அந்த மகாராணியை ஒரு தடவை முறைத்துவிட்டுத்தான் போவது என்று கழுத்தைத் திருப்பினாள்.

லிஃப்ட் இந்தப் பக்கம் இருந்ததால் அவர்களும் இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்கள். நிலையத்துத் தள்ளு நாற்காலி ஒன்றில் ஒரு பெண். பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகமே தெரியவில்லை. பின்னால் ஒரு மனிதர் தள்ளிக்கொண்டு வந்தார். அவளுடைய மடியில் ஒரு பை. மெரூன் கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணியில் தைத்த பை. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னப் பாக்கெட், வாய் கீழே பார்க்கிற மாதிரி, தலைகீழாக.

தலைகீழ்ப் பாக்கெட் வைத்த பை உலகத்திலேயே ஒன்றுதான். தங்கை இனி மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, மெஷினை வைத்துக்கொள்ள ஒரு உறை தைத்து அனுப்புகிறேன் என்று அக்கா உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் மறைத்ததில் பாக்கெட் தலைகீழாகப் போய்விட்டது. நாற்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு தப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திருப்பி அனுப்பு, சரிசெய்து தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டும் தங்கை கொடுக்கவில்லை.

"ஏய்!" அக்கா கத்தினாள். பிளாட்ஃபாரமே திரும்பியது. "ஏய்... தவளை!"

கறுப்புக் கண்ணாடி நிமிர்ந்தது. தொப்பி பின்னால் சரிந்தது. ஐந்து வயதில் மழைத் தண்ணீரில் குதித்துக் குதித்து வாங்கிய அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

"அக்கா?" என்றாள் தங்கை. பிறகு, "அடிப்பாவி!" என்றாள்.

"ஏறுங்கம்மா, விசில் கொடுத்துட்டாங்க!" என்று சிவப்புத் தொப்பி பதறினாள்.

"யாரு ஏறப் போறா? இறக்கு! இறக்கும்மா!"

"இவ்வளவு நேரம் ஏத்து ஏத்துன்னு..."

"அது அப்போ. நான் பார்க்கப் போற ஆளே அங்கே உட்கார்ந்திருக்கா, காலி வீட்டுக்கு எதுக்குப் போறது?" அக்கா விசையைப் பின்னால் இழுத்தாள். மாமனார் பீப் பீப் என்று கத்திக்கொண்டே பின்வாங்கிப் பலகையிலிருந்து இறங்கினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாக எதற்கும் சம்மதித்ததே கிடையாது. பலகையை மடித்தார்கள், கதவு மூடியது, ரயில் கிளம்பிப் போயிற்று. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாற்காலியும் முட்டிக்கொண்டன. முட்டி மோதி, கைப்பிடியில் கைப்பிடி சிக்கி, கட்டிக்கொள்ள வசதியில்லாமல், கடைசியில் அக்கா தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் குழாய் நடுவில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை பயந்துபோய் அதைச் சிக்கெடுத்துவிட்டார். சிவப்புத் தொப்பி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்து ஆள் மட்டும், "அப்போ வாய் நீளம்னு சொன்னது..." என்று தொடங்கி, அப்படியே விழுங்கிவிட்டார்.

தங்கையை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தது அவள் வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன வாத்தியார். "நேத்து ஃபோனை வெச்சதுமே எனக்குச் சந்தேகம்தான்" என்றார் மாப்பிள்ளையிடம். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பொய் சொன்னாங்க. ஆனா யாரு கேக்கறா?"

"இங்கே மட்டும் கேக்கறாங்களா, மாமா?" என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

அப்போது தங்கையின் மடியில் மாமியார் கீக் கீக் என்று சத்தம் போட்டது. பேட்டரி குறைந்துவிட்டது. மாற்று பேட்டரியைத் தேடித்தான் அவள் அவ்வளவு நேரம் பெட்டியிலேயே இருந்திருக்கிறாள். பட்டன் அவிழ்ந்து அது தலைகீழ்ப் பாக்கெட்டில் இருந்து நழுவி, இருக்கைக்கு அடியில் கிடந்திருக்கிறது. வாத்தியார் குனிந்து எடுத்துவிட்டாராம். ஆனால் அதிலும் சார்ஜ் பாதிதான்.

சிவப்புத் தொப்பி எல்லாரையும் காத்திருப்பு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிளக் இருந்தன. ஒன்றில் மாமியார், ஒன்றில் மாமனார். வாத்தியார் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். நாலு மணிக்கு அக்காவின் ஊருக்கு ஒரு ரயில் இருந்தது, தங்கை மாறி ஏறவிருந்த ரயில். இருவரும் அதிலேயே போவது என்று முடிவாயிற்று.

"ஒரே பெட்டியில ஏறுங்கம்மா, கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள் சிவப்புத் தொப்பி. "பலகை ஒண்ணுதான் இருக்கு."

"ஆக, உன் வீட்டுக்கு நான்தான் வர்றேன்" என்றாள் தங்கை. கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். முகம் மெலிந்திருந்தது, கண்ணில் மட்டும் அந்தப் பழைய திருட்டுச் சிரிப்பு. "ஜெயிச்சது நான்."

"ஜெயிச்சுக்கோ. இந்தப் பாக்கெட்டாலதான் இவ்வளவு ரகளையும். வீட்டுக்கு வா, முதல் வேலையாப் பிரிச்சுத் தைக்கறேன்."

"தொட்டுப் பாரு, கையை ஒடிக்கறேன்! அது இல்லேன்னா நீ இந்நேரம் ரயிலேறி என் வீட்டு வாசல்ல பூட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே." சொன்னதும் தங்கைக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்காவுக்குத் தெரியும், இது தொடக்கம். "ஏன்டி, உனக்கு அறிவு இருக்கா? அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தே வரக் கிளம்பியிருக்கே, புண் வந்தா யாரு பார்ப்பா? சொல்லாம கொள்ளாம! பொய் வேற! எங்கே போறேன், மாமனார் விட்டால்தானேன்னு... என்னமா நடிச்சே! பொறந்ததிலேருந்து உனக்கு இதே வேலை, நான் சொன்னதுக்கு எதிரா..."

பாதித் திட்டில் சத்தம் நின்றது. உஸ்ஸு உஸ்ஸென்று மாமியார் மட்டும் கேட்டது.

ஃபோனில் கேட்டுக் கேட்டுப் பயந்த அதே சத்தம். ஆனால் இப்போது அக்காவின் உள்ளங்கைக்குள் தங்கையின் கை இருந்தது. சூடாக, கொஞ்சம் ஈரமாக, நாடி டக் டக்கென்று அடித்துக்கொண்டு. தங்கை மறு கையை உயர்த்தி, இரு, இன்னும் முடியவில்லை என்று சைகை காட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"நிதானமா மூச்சு வாங்கிக்கிட்டுத் திட்டுடி," என்றாள். "எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ரயில்தான் போயிடுச்சே."